வெள்ளையா முளைச்ச கிரினம் லில்லி கன்னு, காப்பாத்த வழி இருக்கா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
வணக்கம். எங்க ஃபிளாட்டுக்குக் கீழ வெள்ளை வரி போட்ட கிரினம் லில்லி இருக்கு, மலாய்க்காரங்க பாக்கோங்னு சொல்வாங்களே அதுதான். அதோட கொட்டைய பொறுக்கி பால்கனி தொட்டில போட்டேன், வந்ததெல்லாம் முள்ளங்கி கணக்கா வெள்ளை, ஒண்ணே ஒண்ணுலதான் அடியில லேசா பச்சை தெரியுது. வெயில் பட்டா நுனி கருகுது. இரும்புச்சத்து மருந்து அடிச்சும் நிறம் மாறல. சீனித்தண்ணி ஊத்துனா பொழைக்கும்னு ஒருத்தர் சொல்றார், ஊத்தலாமா?

செந்தூல் தம்பி:
ஐயோ வேணாம்க்கா, எறும்பும் பூஞ்சையும்தான் வரும், வேர் அழுகிடும்.

கெப்போங் அண்ணன்:
இரும்பு பத்தலைன்னா இலை நரம்பு பச்சையா நின்னு நடுவுல மட்டும் மஞ்சளாகும்மா. பொறக்கும்போதே சுத்த வெள்ளைன்னா அது அல்பினோ, பச்சையமே இல்ல, மருந்து ஒண்ணும் செய்யாது. தாய்ச்செடி வரி போட்டதுன்னா இது சகஜம், ஏன்னா செல்லுக்குள்ள பச்சையத்த வெச்சிருக்கிற கணிகம்ங்கிற சின்ன உறுப்பு பெரும்பாலான பூச்செடியில தாய் வழியாத்தான் பிள்ளைக்குப் போகும், தாய்கிட்ட இருந்து பச்சையில்லாத கணிகம் மட்டும் வந்தா கன்னு வெள்ளைதான். இப்ப அது கொட்டையில இருக்கிற சாப்பாட்டுலதான் ஓடுது, கிரினம் கொட்டை நல்லா குண்டா இருக்கிறதால மத்த லில்லியவிட கொஞ்ச நாள் கூடவே தாங்கும். அதனால கொட்டைய மட்டும் பிச்சிடாதீங்க, மண்ணுக்கு மேலயே கிடக்கட்டும். நேர் வெயில் வேணாம், பச்சையம் இல்லாத இலைய அது சுட்டுடும்.

செந்தூல் தம்பி:
அண்ணே, நர்சரில பச்சைக் கள்ளி மேல சிவப்பு உருண்டை ஒட்டி விக்கிறாங்களே, அந்த மாதிரி ஒட்டு போட்டா?

கெப்போங் அண்ணன்:
அது கள்ளிக்கு ஆகும். லில்லி ஒருவித்திலைச் செடி, ஒட்டு சேர்றதுக்குத் தண்டுல வளர்திசு வளையம், அதாவது புதுசு புதுசா செல் உண்டாக்குற வளையம் வேணும், இதுக்கு அது கிடையாது. லேப்ல வேணா புட்டிக்குள்ள, லிட்டருக்கு 20-30 கிராம் சீனியும் உப்புச்சத்தும் போட்ட அகார் அகார் (கடல்பாசி) கூழுல உயிரோட வெச்சிருக்கலாம், ஆனா 121 டிகிரி ஆவியில எல்லாத்தையும் கிருமி இல்லாம ஆக்கணும். அகார் அகார் முக்குக் கடையிலயே கிடைக்கும், அந்தச் சுத்தம் நம்ம கிச்சன்ல எங்க கிடைக்கப்போகுது!

ஆயர் ஈத்தாம் அக்கா:
அப்ப சுத்த வெள்ளை எல்லாம் போயிடுமா? மனசு கேக்கலயே.

கெப்போங் அண்ணன்:
போயிடும்மா, கொட்டை சுருங்குனதும் இலையும் தொங்கிடும். அந்த அடிப்பச்சைக் கன்ன பாருங்க. அடுத்த இலையில பச்சைக் கோடு அகலமா வந்தா பொழைச்சிரும், வரி போட்ட கிரினம் ஒண்ணு உங்களுக்குக் கிடைக்கும். காலை வெளிச்சம் மட்டும் படுற இடத்துல வைங்க, தண்ணி தேங்கக்கூடாது, உரம் இப்ப வேணாம்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
சரிண்ணே, அத மட்டும் அடுப்படி ஜன்னல் பக்கம் மாத்திட்டேன். புது இலை சுருளா எட்டிப் பாக்குது, ஒரு ஓரம் பச்சைதான். விரிஞ்சதும் படம் போடுறேன்.