கேம்புக்கு விறகு எங்கே, என்ன விலைக்கு வாங்குறீங்க?

மதுரை

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்னு டென்ட் போடப் போறவங்களுக்கு இது பழகின கதைதான். டென்ட் வாடகை எல்லாம் பேசி முடிச்ச பிறகு "கேம்ப் ஃபயர் தனி சார்"னு ஒரு குண்டு போடுவாங்க. 700 ரூபாய், சனி ஞாயிறுன்னா 1000. அதுக்கு வர்றது ஒரு கை அணைப்புக்குள்ள அடங்குற விறகு. அதுலயும் பாதி ஈரம். டீசல் ஊத்தித்தான் பத்த வைப்பாங்க. டீசல் தீர்ந்ததும் தீயும் படுத்துரும், அப்புறம் புகைதான். "இன்னொரு செட் போடவா சார்?"னு பையன் வந்து நிப்பான். அவனைச் சொல்லிக் குத்தமில்லை, முந்தின நாள் மழையில நனைஞ்ச கட்டையை வெச்சுக்கிட்டு அவன்தான் என்ன பண்ணுவான்.

அதனால எங்க கூட்டம் இப்பெல்லாம் விறகை அடிவாரத்துலயே வாங்கிப் போட்டுக்கிட்டுத்தான் ஏறுது. வத்தலக்குண்டுல கல்யாணச் சமையலுக்கும் பிரியாணிக் கடைக்கும் விறகு போடுற ஒரு கடை இருக்கு. போனதுமே அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "சமைக்கவா, குளிர் காயவா?" ரெண்டுக்கும்னு சொன்னதும் ரெண்டு குவியலைக் காட்டினார். ஒண்ணு புளி, கருவேலம். கனமான கட்டை, கங்கு நிக்கும். இன்னொண்ணு மாமரமும் வேம்பும் கலந்தது. சீக்கிரம் பிடிச்சு நல்லா வெளிச்சம் தரும். மூணாவதா ஒரு குவியல் ஓரமா கிடந்துச்சு, கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி. என்னன்னு கேட்டா, "அது இலவமும் முருங்கையும் தம்பி. பேப்பர் எரியுற மாதிரி எரிஞ்சு போயிரும். தெரியாம வர்றவங்க அதைத்தான் கேக்குறாங்க"ன்னார்.

அவர் விறகு தேர்ந்தெடுத்த விதத்தைப் பாக்கணும். ரெண்டு கட்டையை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டினார். காய்ஞ்சது 'டங்'குனு கேக்குது, ஈரக்கட்டை 'தொப்'புன்னுது. வெட்டு முகத்தைத் திருப்பிக் காட்டினார்: நடுவுலேர்ந்து நாலாபக்கமும் வெடிப்பு ஓடியிருந்தா காய்ஞ்சது. நகத்தால நெம்பினா பட்டை கழண்டு வரணும். மேல கிடந்ததை நாங்க எடுக்கப் போனப்ப, "அடியிலேர்ந்து உருவுங்க, மேலாக்க உள்ளது நேத்து நனைஞ்சது"ன்னு அவரே தடுத்தார். எடைக்கு விக்கிற ஆள் ஈரத்தைத் தள்ளிவிடத்தானே பாக்கணும்? இவர் மாதிரி எல்லாக் கடையிலயும் இருப்பாங்கன்னு எதிர்பாக்காதீங்க.

காசு விஷயமே இந்த ஈரத்துலதான் இருக்கு. பச்சை மரத்தோட எடையில பாதிக்குக் கிட்ட வெறும் தண்ணி. கிலோ 9 ரூபாய்னு பச்சை விறகை வாங்கினா பாதிக் காசு தண்ணிக்குப் போகுது. அந்தத் தண்ணியை ஆவியாக்க மீதி விறகோட சூட்டுலயும் ஒரு பங்கு போயிரும். கிலோ 12 ரூபாய்னாலும் காய்ஞ்சதுதான் மலிவு. நாங்க ஆறு பேர், ரெண்டு ராத்திரிக்கு 30 கிலோ தாராளமா வந்துச்சு. 400 ரூபாய்கூட ஆகலை.

"காட்டுல பொறுக்கிக்கலாமே, வாட்டில்னு அந்த வெளிநாட்டு மரம் விழுந்து கிடக்கே"ன்னு கூட்டத்துல ஒருத்தர் கட்டாயம் சொல்வார். கூடாது. கொடைக்கானல் காடு 2013லேர்ந்து வனவிலங்கு சரணாலயம், சுள்ளி எடுத்தாலும் குத்தம்தான். பட்டா நிலத்துல டென்ட் போட்டா அந்த நிலத்துக்காரரைக் கேட்டுட்டு அவர் இடத்துல விழுந்ததை எடுங்க, பெரும்பாலும் சரின்னுருவாங்க. மாசி, பங்குனி, சித்திரையில நாங்க தீயே போடுறதில்லை. 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத்தீயில 23 பேர் செத்துப் போனதுக்கு அப்புறம் அந்தக் காய்ஞ்ச புல்லுக்கு நடுவுல தீக்குச்சி உரசவே மனசு வரலை.

செக்போஸ்ட்ல 2024லேர்ந்து இ-பாஸ் பாக்குறாங்க, பிளாஸ்டிக் பாட்டில் இருக்கான்னும் பாக்குறாங்க. அதனால விறகைச் சணல் சாக்குல கட்டிக்கிட்டு, கடை பில்லையும் கையில வெச்சிருந்தோம். டிக்கியைத் திறந்து பாத்தவர் சிரிச்சுட்டார். "மேலேர்ந்து கீழ கொண்டு போறவனைத்தான்யா பிடிப்போம். நீங்க கீழேர்ந்து மேல கொண்டு போறீங்க!"

மத்தவங்க ஊர்ல எப்படி? எழுதுங்க.

கடலூர்

அண்ணா, எங்க பக்கம் சவுக்குதான். தோப்பு வெட்டுறப்ப நல்ல கழியெல்லாம் காகித ஆலைக்கும் பந்தல், சாரத்துக்கும் போயிடும். மிச்சம் நிக்கிற மிலாறும் (மெல்லிசான கிளைக்குச்சி) வேர்க்கட்டையும் தோப்புலயே கேட்டா அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். மிலாறு பத்த வைக்க, வேர்க்கட்டை ராத்திரி முழுக்கக் கங்கு பிடிக்க. சவுக்குல இன்னொரு வசதி, லேசா பச்சையா இருந்தாலும் எரியும். நீராவி எஞ்சின் ஓடின காலத்துல ரயிலுக்கே இதைத்தான் போட்டிருக்காங்க. வேர்க்கட்டையை மட்டும் வாங்கினதும் நல்லா உதறுங்க, மணல் எடையும் சேர்ந்துதான் உங்க தலையில விழும்.

இன்னொண்ணு சொல்லணும். பிச்சாவரம் பக்கம் கரையோரமா தங்கியிருந்தோம். கூட வந்த பெங்களூர் நண்பர் படகுல போறப்ப, காய்ஞ்ச கிளை ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கேன்னு உடைக்கக் கையை நீட்டினார். படகுக்காரர் துடுப்பாலயே அவர் கையைத் தட்டிவிட்டார். "தில்லை சார் அது! பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும். புகையும் ஆகாது." அலையாத்திக் காட்டுல எதையும் ஒடிக்கக் கூடாதுங்கிறது தனி. சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த மரத்தை அடுப்புல வெக்கப் பாத்தார் மனுஷன். அரளியும் அதே கேஸ்தான். தேசிய நெடுஞ்சாலை நடுவுல வெட்டிப் போட்டிருப்பாங்க, ஓசின்னு அள்ளிடாதீங்க. அந்தக் குச்சியில கோழி சொருகிச் சுடுறேன்னு எவனாவது கிளம்பினா பிடிச்சு நிறுத்துங்க.

ஸ்காபரோ, கனடா

தம்பிமார், எங்கட பாடு வேற மாதிரி. ஒன்ராறியோவில கோடை விடுமுறைக்கு நாலைஞ்சு குடும்பம் சேர்ந்து பார்க்கில முகாம் போட இடம் எடுத்துப் போறனாங்கள். பார்க் கடையில விறகு ஒரு பை 10 டொலருக்குக் கிட்ட. எங்கட ஆக்கள் கதைச்சுக் கதைச்சு விடிய விடிய இருக்கிறவை, ஒரு இரவுக்கு நாலு பை போகும். கோழி வாட்ட வேற வேணும்.

இஞ்சை வீட்டுப் பின்வளவில நல்ல மேப்பிள் கட்டை சும்மா கிடக்கு. அதைக் கொண்டு போவம் எண்டா அதுக்கு வழியில்லை. காரணம் ஒரு வண்டு. பச்சை நிறம், விரல் நகத்தளவுதான் வரும். 2002இல டெட்ரோயிட்டிலையும் இஞ்சால விண்ட்சரிலையும் கண்டுபிடிச்சவை. அதின்ர புழு ஆஷ் மரத்துப் பட்டைக்குக் கீழ வழிவழியாய் அரிச்சு மரத்தைப் பட்டுப்போக வைக்கும். கோடிக்கணக்கில மரம் செத்துப் போச்சு. வண்டு தானாய்ப் பறந்து போற தூரம் கொஞ்சம்தான். எங்களை மாதிரி காரில விறகு ஏத்திக்கொண்டு போற ஆக்கள்தான் அதை ஊரூராய்க் கொண்டு போய் விட்டது. அதாலை விறகை எரிக்கிற இடத்துக்குக் கிட்டவே வாங்குங்கோ எண்டு எல்லா இடமும் எழுதிப் போட்டிருக்கு. முகாம் போடுற இடத்தில கீழ விழுந்து கிடக்கிற சுள்ளியையும் பொறுக்கேலாது. அது மண்ணுக்கு உரமாம்.

அப்ப மலிவாய் எங்கை வாங்கிறது? பார்க்குக்குப் போற சின்ன ரோட்டுகளில பண்ணை வீட்டு வாசலில விறகு அடுக்கி வைச்சிருப்பினம். ஆளிருக்காது. ஒரு தகரப் பெட்டி, பலகையில விலை. காசைப் பெட்டிக்குள்ள போட்டிட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பார்க் விலையில பாதி வராது. ஊரிலயிருந்து வந்த மாமா முதல் தரம் கண்டிட்டு, "ஆளில்லாக் கடையோ! எங்கட ஊரில எண்டா பெட்டியையும் சேர்த்தெல்லோ தூக்கியிருப்பாங்கள்" எண்டு சொல்லிப்போட்டு, தானே அஞ்சு டொலர் கூடப் போட்டவர். சில்லறைக் காசு கொண்டு போங்கோ, மாத்தித் தர ஒருத்தரும் இல்லை.

மதுரைத் தம்பி எடைக் கணக்குச் சொன்னவர். இஞ்சை பைக்கணக்கு, அடுக்குக் கணக்கு. அதாலை கணக்குத் தலைகீழ். ஒரே விலைக்கு ஒரே அளவு இடம் எண்டால் பாரமான மரத்தைப் பார்த்து எடுக்கவேணும்: மேப்பிள், ஓக். பைன், பொப்லர் பையை நிரப்பும், எரிஞ்சால் ஒண்டுமில்லை. பாரம் எண்டு ஈரக்கட்டையைத் தூக்கிப்போடாதேங்கோ, அதுக்கு அந்தப் பெரியவரின்ர தட்டுற பரிசோதனை இஞ்சையும் சரிவரும். பேர்ச் மரத்துப் பட்டை இருந்தால் கொஞ்சம் உரிச்சு வையுங்கோ, மழைத்தூறலிலயும் பிடிக்கும்.

வெளிக்கிட முதல் தீ மூட்டத் தடை இருக்கோ எண்டு பாருங்கோ. காய்ஞ்ச கோடையில தடை போட்டால் வாங்கின விறகோட சும்மா குந்தியிருக்க வேண்டியதுதான். யாழ்ப்பாணத்தில எண்டால் இந்தக் கரைச்சல் ஒண்டுமில்லை, ரெண்டு பொச்சுமட்டை (தேங்காய் மட்டை), ஒரு கடகம் (பனையோலைப் பெட்டி) ஊமல் (காய்ஞ்ச பனங்கொட்டை), அலுவல் முடிஞ்சுது.

பொள்ளாச்சி

ஸ்காபரோ அண்ணா சொன்ன மட்டைக் கணக்குத்தானுங்க எங்களுக்கும். ஆழியாறு, வால்பாறை போறவங்க வழியில எந்தத் தோப்புல வேணா நிறுத்திக் கேளுங்க. பன்னாடை (தென்னை மட்டை அடியில வலை மாதிரி இருக்குறது), பாளை, காய்ஞ்ச மட்டை எல்லாம் சும்மாவே கொடுப்பாங்க, எடுத்துட்டுப் போனாச் சரின்னு இருப்பாங்க. பன்னாடை ஒரு கைப்பிடி இருந்தா மண்ணெண்ணெய் எதுக்குங்க? கொட்டாங்கச்சி மட்டும் கேக்காதீங்க. கரி ஃபேக்டரிக்காரங்க எடைபோட்டு வாங்கிக்கிறாங்க, அதுக்கு இப்ப தேங்காய் மாதிரியே கிராக்கி. வால்பாறைக்கு மேல யானை நடமாட்டம் இருக்குற இடத்துல தங்குறவங்க தீயை நம்பி வெளிய உக்காந்துட்டு இருக்க வேண்டாங்க, எஸ்டேட் ஆளுங்க உள்ள போகச் சொன்னா போயிருங்க.

ஓசூர்

நான் பேலட் பார்ட்டி. சிப்காட்ல கம்பெனிகளுக்கு மெஷின் வந்து இறங்குற மரச்சட்டம் உடைஞ்சு போனா ஸ்கிராப்காரர்கிட்ட போகும். அவர்கிட்ட சாக்குக் கணக்குல பேசி வாங்குறேன், விறகுக்கடை விலையில மூணுல ஒரு பங்குதான். பெரும்பாலும் பைன். நல்லா காய்ஞ்சிருக்கும், ஒரே தீக்குச்சி போதும். ஆனா நெருப்புப் பொறி தெறிக்கும். டென்ட் துணியில ஓட்டை விழுந்தா மலிவா வாங்கினதெல்லாம் அதுலயே போயிடும், தள்ளி உக்காருங்க.

வாங்குறப்ப கட்டையில சூடு போட்ட முத்திரையைப் பாருங்க. கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்துல நாட்டோட குறியீடு, அதுக்கப்புறம் எழுத்து. எச்.டி.ன்னு (HT) இருந்தா வெறும் வெப்பத்துல பதப்படுத்தினது, எரிக்கலாம். எம்.பி.ன்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடுங்கிற பூச்சிக்கொல்லி விஷவாயு அடிச்சது, தொடாதீங்க. பெயின்ட் அடிச்சது, எண்ணெய்க் கறை இருக்குறது, பிளைவுட் இதெல்லாம் ஓசியில கொடுத்தாலும் வேண்டாம். அந்தப் புகையிலதான் நீங்க சோளம் சுடப் போறீங்க.

ஆணிதான் தலைவலி. ஸ்பீக்கர்லேர்ந்து எடுத்த காந்தம் ஒண்ணைக் கயித்துல கட்டி வெச்சிருக்கேன். காலையில ஆறின சாம்பல்ல அதை இழுத்தா ஆணி மொத்தமும் ஒட்டிக்கிட்டு வரும். அப்படியே விட்டுட்டு வந்தா அடுத்து வர்றவனோட டயர்லயும் மாட்டோட குளம்புலயும்தான் போய் நிக்கும்.

திருச்சி

ஐப்பசி, கார்த்திகையில கொல்லிமலை போறோம். அடைமழை. விறகு கீழேர்ந்து கொண்டு போனாலும் ஊறிப் போகாதா? மூங்கில் நிறைய கிடைக்கும்னு சொல்றாங்க, அது சரிப்படுமா?

மதுரை

ப்ரோ, மழைக்குக் கனமான கட்டையாவே வாங்கிக்கங்க, கூட ஒரு சின்ன கோடாலியும் வெச்சுக்கங்க. வெளிய எவ்வளவு நனைஞ்சாலும் காய்ஞ்ச கட்டையோட உள்பக்கம் ஈரமாகாது. நாலாப் பிளந்து உள்முகம் தீயைப் பாக்குற மாதிரி வைங்க. ரெண்டு கட்டையைத் தரையில படுக்கப் போட்டு அதுக்கு மேல அடுக்குங்க, சேத்துல நேரா வெச்சா ஏறாது. அடுத்து எரியப் போறதைத் தீக்குப் பக்கத்துலயே சுத்தி நிறுத்தி வைங்க, காய்ஞ்சுக்கிட்டே இருக்கும். பன்னாடையையும் தீப்பெட்டியையும் மட்டும் எவர்சில்வர் தூக்குல போட்டு மூடிருங்க.

மூங்கிலை முழுசாப் போடாதீங்க. கணுவுக்கு நடுவுல அடைபட்ட காத்து சூடாகிப் பட்டாசு மாதிரி வெடிக்கும். நீளவாக்குல பிளந்து போட்டா பிரச்சினை இல்லை, ஆனா கங்கு நிக்காது. ஆத்துல கிடக்குற கல்லை அடுப்புக்கு எடுக்காதீங்க, உள்ள ஈரம் இருந்தா அதுவும் தெறிக்கும். செங்கல் நாலு வண்டியில போட்டுக்கங்க.

மிச்சம் வர்ற விறகை நாங்க திருப்பிக் கொண்டு வர்றதில்லை. அங்க காவலுக்கு இருக்குறவர் வீட்டு அடுப்புக்குக் கொடுத்துட்டு வந்துருவோம். போன தடவை அப்படிக் கொடுத்ததுக்கு, காலையில அவர் வீட்டம்மா ஆறு பேருக்கும் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாங்க.

ஓசூர் ப்ரோ, டிசம்பர் கடைசியில ஏற்காடு வர்றோம். எச்.டி. பேலட் ரெண்டு சாக்கு சொல்லி வைக்க முடியுமா? அந்தக் காந்தத்தையும் எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க.