மறுமொழி: எபிரேயக் கவிதையின் ‘பாரலலிசம்’ – ‘வழிமொழிவு’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பைபிளின் பழைய ஏற்பாட்டுப் பாடல்களில் ஓர் அடி சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களில் தொடரும். இந்த அமைப்பைத்தான் ‘பாரலலிசம்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்ப்பெயர் என்ன என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: இணைவரி, ஒப்படி, பொருள் பின்வருநிலை. மூன்றையும் எபிரேய அடிகளோடு வைத்துப் பார்த்தேன். நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன். நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘இணைவரி’ போதுமே ஐயா. கணக்கில் இணைகோடு என்கிறோம், எல்லாருக்கும் புரியும்.

புரியும் என்பது உண்மைதான். எபிரேயக் கவிதையை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் லோத் ஆக்ஸ்ஃபோர்டில் லத்தீனில் ஆற்றிய உரைகள் 1753இல் நூலாக வந்தபோது அவர் கையாண்ட சொல்லும் இதே கணக்குச் சொல்தான். ஆனால் இணைகோடுகள் இரண்டும் சமம், ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. எபிரேய அடிகள் அப்படியில்லை. தெபொராளின் பாட்டைப் பாருங்கள் (நியாயாதிபதிகள் 5:26). எபிரேய மொழியின் மிகப் பழைய பாடல்களில் ஒன்றாக ஆய்வாளர் பலரும் கருதுவது அது. தோற்று ஓடிவந்த படைத்தலைவன் சிசெராவை யாகேல் தன் கூடாரத்தில் கொல்லும் இடம். நேராக மொழிபெயர்த்தால்:

கையைக் கூடார முளைக்கு நீட்டினாள்,
வலக்கையைத் தொழிலாளர் சுத்தியலுக்கு.

‘கை’ என்றது ‘வலக்கை’ ஆகிறது. ‘முளை’ ‘சுத்தியல்’ ஆகிறது, அதுவும் பாடுபடுகிறவர்கள் கையாளும் கனத்த சுத்தியல். முதலடியில் கை எதையோ எடுக்கப் போகிறது. அடுத்த அடியில் அடி விழப்போகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இரண்டாம் அடி முதலடியை ஆமோதித்து, அதற்கு மேலும் ஒரு படி ஏறுகிறது. 1981இல் விவிலிய ஆய்வாளர் ஜேம்ஸ் கூகல் வலியுறுத்தியதும் இதைத்தான்: இரண்டாம் அடி வெறும் மறுபேச்சு இல்லை, ‘அதுமட்டுமா, இதுவும்’ என்று முதலடியை வலுப்படுத்துவது. ‘இணைவரி’, ‘ஒப்படி’ இரண்டிலும் இந்த ஏற்றம் இல்லை. போகப்போக மாணவர்கள் ‘கூறியது கூறல்’ என்ற நன்னூல் குற்றத்தை இதன்மேல் ஏற்றிவிடுவார்கள் என்பது என் பயம்.

> தண்டியலங்காரத்தில் பொருள் பின்வருநிலை இருக்கிறதே? புதிதாக ஏன் ஆக்க வேண்டும்?

அக்கா, இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ‘அவிழ்ந்தன தோன்றி, அலர்ந்தன காயா, நெகிழ்ந்தன நேர்முகை முல்லை’ என்ற மேற்கோள் பாட்டை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். அவிழ்தல், அலர்தல், நெகிழ்தல் எல்லாம் பூத்தல்தான். சொல் மாறுகிறது, பொருள் திரும்ப வருகிறது. ஆனால் அங்கே பூ மாறிக்கொண்டே போகிறது: தோன்றி, காயா, முல்லை. யாகேல் பாட்டில் ஆள் ஒருத்தியே, செயலும் ஒன்றே. அந்த ஒரே செயலை இரண்டு அடி சேர்ந்து பிடிக்கின்றன. பின்வருநிலை ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது. நமக்கு வேண்டியது அடிக்கும் அடிக்கும் உள்ள உறவைச் சொல்லும் பெயர்.

அதனால் என் பரிந்துரை: வழிமொழிவு. முதலடி முன்மொழிகிறது, இரண்டாம் அடி வழிமொழிகிறது. அடிகளுக்கு ‘முன்னடி’, ‘வழியடி’. கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் வாடை அடிக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அடிக்கட்டும். வழிமொழிகிறவர் தீர்மானத்தைத் திரும்பப் படிப்பதோடு நிற்பதில்லை. தன் பங்குக்கு ஒரு காரணமும் சேர்த்துத்தான் உட்காருவார். சம்பந்தர் பதிகத் தலைப்பில் ‘வழிமொழித் திருவிராகம்’ என்று எதுகை ஓட்டத்தைக் குறிக்க ‘வழிமொழி’ ஏற்கெனவே இருக்கிறது. அதோடு குழம்பாமல் இருக்கத்தான் ‘வழிமொழிவு’ என்று முடித்தேன்.

இடிக்கிற இடம் ஒன்று உண்டு, மறைக்கவில்லை. நீதிமொழிகள் 10:1: ஞானமுள்ள மகனால் தகப்பனுக்கு மகிழ்ச்சி, மூட மகனால் தாய்க்குத் துயரம். இங்கே இரண்டாம் அடி எதிர்த்திசையில் போகிறதே, இது எப்படி வழிமொழிதல்? பிள்ளையின் அறிவுதான் வீட்டின் நிம்மதி என்ற ஒரே கருத்தைத்தான் இரண்டடியும் சொல்கின்றன. இரண்டாவது மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. ‘முரண் வழிமொழிவு’ என்றால் சரியாக வரும் என்று நினைக்கிறேன். லோத் இதை மூன்று வகையாகப் பிரித்தார்: ஒத்த பொருள், எதிர்ப்பொருள், மூன்றாவது ஒன்று. அந்த மூன்றாம் வகை மற்ற இரண்டிலும் அடங்காததையெல்லாம் போட்டு வைத்த இடம். அதற்குப் பெயர் தேட வேண்டாம்.

> இது வெறும் அணியிலக்கணம்தானே, இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும் ஐயா. இந்த உறவைப் படிக்கும் விதத்தில் கதையே மாறும். யாகேல் பாட்டுக்கு முந்தைய அதிகாரத்தின் உரைநடையில் அவள் முளையையும் எடுக்கிறாள், சுத்தியலையும் எடுக்கிறாள். பாட்டின் வழிமொழிவை இரண்டு தனிச் செயல்களாகப் படித்ததால்தான் உரைநடை அப்படி ஆயிற்று என்று வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு. சகரியா 9:9இல் அரசர் ‘கழுதைமேல், கழுதைக் குட்டிமேல்’ ஏறி வருகிறார், விலங்கு ஒன்றுதான். இயேசு எருசலேமுக்குள் வரும் காட்சியில் மாற்கு ஒரு குட்டியைத்தான் சொல்கிறார். மத்தேயு 21இல் இரண்டையும் கொண்டுவருகிறார்கள்.

இஸ்ரவேலரின் ஆதி சமயத்தைப் பற்றிய பெரிய கேள்வியும் இங்கேதான் வந்து நிற்கிறது. உபாகமம் 32:8இல் எலியோன், அதாவது உன்னதமானவர், மக்களினங்களுக்கு எல்லை வகுக்கிறார். 9ஆம் வசனத்தில் இஸ்ரவேலர் வழிபட்ட யாவேயின் பங்கு அவருடைய மக்கள், யாக்கோபு. எலியோனும் யாவேயும் ஒரே கடவுளின் இரு பெயர்களா, அல்லது எலியோன் பங்கு பிரிக்க, யாவே தன் பங்கைப் பெறுகிறாரா? யூதர் வழிவழியாகக் காத்த எபிரேய மூலமான மசோரெத் பாடம் ‘இஸ்ரவேல் புத்திரரின் எண்ணிக்கைப்படி’ என்கிறது. சாக்கடல் அருகே கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த சுருள் துண்டிலோ ‘தேவபுத்திரர்’ என்று இருக்கிறது. அந்தப் பாடத்தோடு படித்தால் இரண்டாவது கேள்வியைத் தள்ளிவிட முடிவதில்லை.

இரண்டு பெயர் வந்தாலே இரண்டு தெய்வம் என்றும் சொல்லிவிட முடியாது. சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929இல் அகழ்வு தொடங்கி வெளிப்பட்ட உகாரித் களிமண் பலகைகளில் பாகால் என்ற தெய்வத்தின் எதிரி ஓரடியில் ‘இளவரசன் கடல்’, அடுத்த அடியில் ‘நடுவன் (நீதிபதி) ஆறு’. ஆள் ஒருவனே. இதே கடல்–ஆறு சொல்லிணை சங்கீதம் 24:2இல் அப்படியே இருக்கிறது: உலகைக் கடல்கள்மேல் அஸ்திவாரமிட்டார், ஆறுகள்மேல் நிலைநிறுத்தினார். உகாரித் கி.மு. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழிந்த நகரம். அங்கே தெய்வத்தின் பெயராக இருந்த இணை, எருசலேமின் பாட்டில் தெய்வம் அடித்தளமிடும் நீராகிவிட்டது. இப்படிச் சேர்ந்தே வரும் சொற்களுக்குச் ‘சொல்லிணை’ என்றே வைத்துக்கொள்ளலாம். ‘இணை’ அங்கே சரியாகப் பொருந்துகிறது.

அப்புறம், யாகேல் அடிகளில் ‘நீட்டினாள்’ ஒரு முறைதான் வருகிறது, எபிரேயத்திலும் முதலடியின் கடைசியில்தான். இரண்டாம் அடிக்கும் அதுவே வினை. இதற்குப் புதுச் சொல் கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஓரிடத்தில் நிற்கும் சொல் பல இடத்துக்கும் பொருந்தும் தீவகம் என்ற அணி இருக்கிறது. இரண்டடிக்கும் நடுவில் நின்று முன்னும் பின்னும் வெளிச்சம் தருவதால் இடைநிலைத் தீவகம்.