பேட்டரியை எங்கே ஒளித்து வைப்பது?

பழைய பைக் ஒன்றை கஃபே ரேசராக (பழங்கால ரேஸ் பைக் பாணியில் மெலிந்த வண்டி) மாற்றிக்கொண்டிருக்கிறேன். சைடு கவர், ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் பெட்டி) எல்லாம் கழற்றியாகிவிட்டது. சீட்டுக்குக் கீழே அந்த முக்கோண இடம் காலியாகத் தெரிய வேண்டும். சிக்கல் பேட்டரிதான். சீட்டின் பின்பக்கக் கூம்புக்குள் சிறிய லித்தியம் பேட்டரி, சிடிஐ (இக்னிஷன் யூனிட்), ஃபியூஸ் பாக்ஸ் அடங்கிவிடும். ஆனால் ஸ்டார்ட்டர் கேபிள் நீண்டுபோகும், வோல்டேஜ் இறங்கும். கிக்கர் இல்லாத வண்டி வேறு! ஸ்விங்ஆர்ம் பிவட்டுக்கு (பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃபிரேமோடு இணையும் அச்சு) அடியில் தட்டு அடித்து வைத்தால் கேபிள் குட்டை, எடையும் கீழே. ஆனால் சேறும் செயின் எண்ணெயும் தெறிப்பது அங்கேதான். ரெகுலேட்டர் (சார்ஜிங் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) சூடாகும் சாமான், அதை மட்டும் காற்றுபடும்படி வெளியே விடுகிறேன்.

பிவட்டுக்கு அடியில் வைத்து மழையில் ஓட்டியவர்கள் யாராவது உண்டா? பெட்டியைத் தண்ணீர் புகாமல் எப்படி அடைத்தீர்கள், சஸ்பென்ஷன் அமுங்க எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? படம் இருந்தால் போடுங்கள்.