பீட்டர் ஸ்ட்ராசர்: பீரங்கி அதிகாரி வான்கப்பல் படைக்குத் தலைவரானது எப்படி?

கடற்காகம் கேட்டது:

முதல் உலகப் போரில் ஜெர்மன் கடற்படையின் வான்கப்பல் (காற்றைவிட இலேசான வாயுவை நிரப்பி மிதக்கவிடும் பெரும் கலம்) பிரிவை நடத்திய பீட்டர் ஸ்ட்ராசரைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துவருகிறேன். 1876 ஏப்ரல் 1 அன்று ஹானோவரில் பிறந்த அவர், பதினைந்து வயதில் கடற்படையில் சேர்ந்து, பீரங்கிச் சுடுகலையில் தேர்ந்தவர் என்று பெயரெடுத்து, கடற்படைத் தலைமை அலுவலகத்தில் கப்பல் பீரங்கிகளையும் கரையோரப் பீரங்கிகளையும் கவனிக்கும் பொறுப்பு வரை உயர்ந்தார். அப்படிப்பட்டவரிடம் 1913 செப்டம்பரில் வான்கப்பல் பிரிவை ஏன் ஒப்படைத்தார்கள்? விமானங்கள் வான்கப்பல்களை எளிதில் வீழ்த்தத் தொடங்கிவிட்ட 1918லும் அவர் இங்கிலாந்தின்மீது தாக்குதலைத் தொடர்ந்தது எதனால்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகோடி எழுதியது:

முதல் கேள்விக்கு விடை ஒரு விபத்தில் இருக்கிறது. 1913 செப்டம்பர் 9 அன்று கடற்படையின் முதல் வான்கப்பலான எல்-1, ஹெலிகோலாந்துத் தீவுக்கு அருகே புயலில் சிக்கிக் கடலில் விழுந்தது. இறந்த 14 பேரில் பிரிவின் தலைவர் பிரீட்ரிக் மெட்சிங்கும் ஒருவர். அந்த வெற்றிடத்திற்குத்தான் ஸ்ட்ராசர் வந்தார். அவர் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, அக்டோபர் 17 அன்று, பெர்லினை அடுத்த யோஹானிஸ்தாலில் எல்-2 நடுவானில் தீப்பற்றி வெடித்து, அதிலிருந்த 28 பேரும் மாண்டார்கள். ஆகவே அவர் பொறுப்பேற்றுச் சில வாரங்களுக்குள் அந்தப் பிரிவில் பறக்கக் கப்பலும் இல்லை, பழகிய மாலுமிகளும் பெரும்பாலும் இல்லை.

இந்த நிலையில் அவர் செய்ததை நான் பெரிதும் மதிக்கிறேன். பயணிகள் வான்கப்பல் நிறுவனத்தின் கப்பலை வாடகைக்குப் பெற்று, ஹூகோ எக்கனர் போன்ற பழகிய வான்கப்பலோட்டிகளிடம் தாமே மாணவராக அமர்ந்து கற்றுக்கொண்டு, பின்னர் மாலுமிகளைப் பயிற்றுவித்தார். போர் மூண்ட 1914 ஆகஸ்டில் கடற்படையிடம் இருந்தது எல்-3 என்ற ஒரே ஒரு வான்கப்பல்தான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அது ஒரு பெரும் படையாக வளர்ந்ததற்கு, கொட்டகை கட்டுவது முதல் வானிலை அறிக்கை வரை ஒவ்வொன்றையும் விடாமல் கவனிக்கும் ஒரு நிர்வாகி தேவைப்பட்டார். பீரங்கிப் பிரிவில் பழகிய ஒழுங்கு அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் கருத்து.

நூற்கண்டு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். வான்கப்பலின் பலமும் பலவீனமும் ஒரே பொருளில், அதாவது கலத்தை மிதக்கவைக்கும், ஆனால் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனில், அடங்கியிருந்தன. எல்-3 கொண்டிருந்த வாயு ஏறத்தாழ 22,500 கன மீட்டர். 1916 மே மாதம் பறந்த எல்-30 கொண்டது 55,000 கன மீட்டர். அவ்வளவு வாயுவுக்குள் சாதாரணத் தோட்டா பாய்ந்தால் சிறு துளைதான் விழும். அதனால்தான் 1915இல் விமானிகளால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. வெடிக்கும் தோட்டாவையும் எரியூட்டும் தோட்டாவையும் பிரிட்டன் கலந்து பயன்படுத்தத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. 1916 அக்டோபர் 1 இரவு, ஸ்ட்ராசரின் தளபதிகளில் மிகவும் பெயர்பெற்ற ஹைன்ரிக் மதி, லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பாரில் எல்-31உடன் எரிந்து விழுந்தார்.

ஸ்ட்ராசர் இதற்குக் கண்ட மருந்து உயரம். எஞ்சின்களைக் குறைத்து, துப்பாக்கிகளைக் குறைத்து, கலத்தின் அடிப்புறத்தில் கறுப்புச் சாயம் பூசி, விமானங்கள் எட்ட இயலாத 5,000 மீட்டருக்கும் மேலே கப்பல்களை ஏற்றினார். அங்கே மாலுமிகள் கடுங்குளிரில் மூச்சுக்குத் தவித்தார்கள், எஞ்சின்களும் திணறின, தரையில் என்ன ஊர் இருக்கிறது என்பதே தெரியவில்லை. 1917 அக்டோபர் 19 அன்று புறப்பட்ட 11 கப்பல்கள், மேலே எதிர்பாராமல் வீசிய கடுமையான வடகாற்றில் தெற்கே அடித்துச் செல்லப்பட்டு, அவற்றில் ஐந்து அழிந்தோ பிடிபட்டோ போயின. எதிரியிடமிருந்து தப்ப ஏறிய உயரமே எதிரியானதை அன்றாவது அவர் கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கடற்காகம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் குண்டு வீசுவதுதான் வான்கப்பலின் முதன்மையான வேலையா? கடற்படை முதலில் அதை வாங்கியது கடலை வேவு பார்க்கத்தானே?

வடகோடி எழுதியது:

மிகச் சரியான கேள்வி. வடகடலில் பல மணி நேரம் தொடர்ந்து பறந்து கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் சொல்லக்கூடிய கலம் அன்று வேறில்லை. ஆனாலும் அந்த வேலையிலும் வானிலை சதி செய்தது. 1916 மே 31 அன்று பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாந்துப் போரில் வான்கப்பல்களால் பயன் ஏதும் விளையவில்லை. அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, இங்கிலாந்தின் ஹார்விச் துறைமுகத்திலிருந்து வந்த சிறு படையை எல்-13 பெரும் போர்க்கப்பல்களைக் கொண்ட படை என்று தவறாக அறிவித்ததால், ஜெர்மன் கடற்படையை நடத்திய அட்மிரல் ஷீர் அதைத் தேடித் திரும்பி, பிரிட்டனின் முழுக் கடற்படையுடனான மோதலைத் தவறவிட்டார். அது அவருக்கு நன்மையாகவே முடிந்திருக்கக்கூடும்.

ஸ்ட்ராசரின் மனமோ குண்டுவீச்சில்தான் இருந்தது. நகரங்களைத் தாக்கினால் பிரிட்டன் பணியும் என்று அவர் நம்பினார். வான்கப்பல் தாக்குதல்களில் பிரிட்டனில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். பிரிட்டனோ பணியவில்லை. அவருடைய திறமையை மதிக்கும்போதும் இந்தக் கணக்கை நான் மறக்க விரும்பவில்லை.

நூற்கண்டு எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: அவர் மேசைக்குப் பின்னாலிருந்து ஆணையிட்டவர் அல்லர். 1915 ஜனவரி 19 அன்று இங்கிலாந்தை நோக்கிய முதல் தாக்குதலிலேயே எல்-6இல் ஏறினார். எஞ்சின் பழுதானதால் அது பாதி வழியில் திரும்பியது. 1918 ஜனவரி 5 அன்று ஆல்ஹார்ன் தளத்துக் கொட்டகைகளில் ஏற்பட்ட வெடிவிபத்தில் ஐந்து கப்பல்கள் ஒரே நாளில் அழிந்த பிறகும் அவர் பின்வாங்கவில்லை.

1918 ஆகஸ்ட் 5 அன்று எல்-53, எல்-65 ஆகிய இரண்டும் உடன்வர, புத்தம்புதிய எல்-70இல் அவரே சென்றார். 211 மீட்டர் நீளமும் ஏழு எஞ்சின்களும் கொண்ட அந்தக் கப்பலை எட்ட விமானத்தால் முடியாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். வெளிச்சம் முழுவதும் மறையும் முன்பே மூன்று கப்பல்களும் நார்ஃபோக் கரையை நெருங்கின. கிரேட் யார்மத்திலிருந்து எழுந்த டி.எச்.4 விமானத்தை எக்பர்ட் கேட்பரி ஓட்ட, பின்னிருக்கையிலிருந்து ராபர்ட் லெக்கி சுட்டார். எல்-70 தீப்பிடித்துக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 22 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மற்ற இரண்டும் திரும்பிவிட்டன. அதன் பின்னர் ஜெர்மன் வான்கப்பல் எதுவும் இங்கிலாந்தின்மீது குண்டு வீசவில்லை.