மாசித் திருவிழா: ரதிக்கு ஒரு முழு இரவு வேண்டும்

அன்பான ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்து நம் தேயிலைத் தோட்டத்தில் வருகிற மாசித் திருவிழாவுக்குக் காசு சேர்ப்போமா என்று குன்னூர் மாமா கேட்டு மூன்று வாரம் ஆகிறது. டொராண்டோ அக்கா முதல் ஆளாகத் தன் பங்கைச் சொல்லிவிட்டார். எந்த இசைக்குழு, மேடை எவ்வளவு அகலம், யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடுவது என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகிறது. போன மாசியில் லீவு எடுத்துக்கொண்டு தோஹாவிலிருந்து ஊருக்குப் போய், 18 நாள் அங்கேயே நின்று இந்த வேலையில் கைகொடுத்தவன் நான். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இசைக்குழு வேண்டாம். அந்தக் காசு, சிவன் மன்மதனை எரித்த கதையையும் ரதியின் அழுகையையும் ஆடுகிற நம் காமன் கூத்துக்குப் போகட்டும். மேடையில் 20 நிமிஷம் காட்டிவிட்டு இறங்குகிற கூத்து இல்லை, விடிய விடிய ஆடுகிற கூத்து.

போன வருஷம் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு முழுசாகத் தெரியாது. போட்டோக்கள் அழகாக வந்திருந்தன, எல்லோரும் வாழ்த்தினீர்கள். நானும் அப்போது வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானமே நிகழ்ச்சி ஆரம்பம். பிள்ளைகளின் கும்மி, கோலாட்டம் எல்லாம் நன்றாகவே போயின. பிறகு டவுனிலிருந்து வந்த இசைக்குழு, பிறகு பேச்சுகள், பொன்னாடைகள். கூத்துக்கு 9.15 மணி என்று எழுதியிருந்தோம். மேடை கிடைத்தபோது 9.40. தப்பு என்கிற தோல் பறையை அடிக்கிற தப்புக்காரர்கள் ஆறு மணிக்கே தோலை நெருப்பில் காய்ச்சித் தயாராக இருந்தவர்கள். அதற்குள் மவுசாகலை நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டது. தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துபோனது. மறுபடி காய்ச்ச நெருப்புத் தேடி ஓடினார்கள். மேடையிலிருந்து "ரெடியா, ரெடியா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். பாதி காய்ந்த தப்போடுதான் ஏறினார்கள்.

சரியாகப் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தினோம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. 2007இல் வந்த இலங்கை உயர் நீதிமன்றத் (சுப்ரீம் கோர்ட்) தீர்ப்புக்குப் பிறகு அதுதான் வழக்கம். பொலிஸில் வாங்கிய அனுமதியும் அந்த நேரத்துக்குத்தான். மன்மதன் அப்போதுதான் சிவனை நோக்கி வில்லை வளைத்திருந்தான். வாடகை லைட்டை இறக்கத் தொடங்கியதும் சனம் எழும்பிவிட்டது. மேல் லயத்து, அதாவது மேலே இருக்கிற வரிசை வீடுகளின், பாட்டி ஒருவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னிடம் வந்தார். "மன்மதன எரிக்காம கூத்த முடிச்சா எப்படிய்யா? ரதி இன்னும் அழலையே" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுகிறோம். கரும்பும் ஆமணக்கும் வைக்கோலும் வறட்டியும் வைத்துக் கட்டுகிற அந்தக் கம்பத்துக்குக் காப்புக் கட்டியவர்கள் அன்றிலிருந்து விரதம். அதைப் பாதியில் விட்டால் நிகழ்ச்சி ஒன்று குறைந்தது என்று மட்டும் ஊர் எடுத்துக்கொள்வதில்லை. தோட்டத்துக்கே ஆகாது என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் மதிக்காமல் போனோம் என்பதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

மறுநாள் இரவு, யாருக்கும் அழைப்பு இல்லாமல், மாரியம்மன் கோயில் பக்கத்தில் கம்பத்தடியில் கூத்தை முதலிலிருந்து ஆடினார்கள். மைக் கிடையாது, மேடை கிடையாது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியபோது விழுந்த மிலாறுக் குச்சிகளைக் குவித்துக் கொளுத்தியிருந்தார்கள். மூத்த தப்புக்காரர் தப்பை நெருப்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, சக்கரம் மாதிரி மெல்லத் திருப்பிக் காட்டினார். பிறகு காதுக்கிட்டே கொண்டுபோய் விரலால் ஒரு சுண்டு. சத்தம் 'பொத்' என்று விழுந்தால் மறுபடி நெருப்பு. அளவுக்கு மேல் காட்டினால் தோல் வெடித்துவிடும். நாலாவது தடவை 'டங்' என்று எழும்பியதும் அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த முதல் அடி எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது.

ரதி கட்டியவர் என் பெரியப்பா மகன். பெரியப்பாவும் அவர் காலத்தில் ரதிதான். அண்ணன் மீசையை மழித்து, மீன் இறைச்சி விட்டு, அத்தனை நாளும் கோயிலில் படுத்து எழும்பிய மனுசன். பகலில் கவ்வாத்து, இரவில் ஒத்திகை. ரதியும் மன்மதனும் லயம் லயமாகப் போனபோது ஒவ்வொரு காம்பரா வாசலிலும் பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றி, சூடம் காட்டி, தட்டில் அரிசியும் சில்லறையும் போட்டார்கள். தூங்குகிற குழந்தையை எழுப்பி வாசல் திண்ணையான இஸ்தோப்புக்குக் கொண்டுவந்து திருநீறு வாங்கினாள் ஒருத்தி. காலையில் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டில் அண்ணன்கூட ஒன்றாக நிற்கிறவள்தான். அந்த நேரத்தில் அவள் கும்பிட்டது ரதியை.

கெட்ட கனவு கண்டேன், போகாதே என்று ரதி மன்றாடுகிற இடம் மட்டுமே ஒரு மணி நேரம் போனது. மன்மதன் எரிந்த பிறகு வந்த புலம்பல் நாலரை மணிவரை நீண்டது. அது நம் பெண்கள் சாவு வீட்டில் கட்டிப்பிடித்து அழுகிற ஒப்பாரியின் அதே நடை. அதனால்தான் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கூடவே எடுத்தார்கள். புருசனைப் பறிகொடுத்தவள் புருசனை அழுதாள். மேல் லயத்துப் பாட்டி, தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போன தன் தங்கையை அழுதார். இந்த அழுகையை 20 நிமிஷத்தில் அடக்க முடியாது. அடக்கவும் கூடாது.

திங்கள் காலை அண்ணன் தூங்காமலே வேலைக்குப் போனார். காதோரம் முகச்சாயம் அப்படியே இருந்தது. போனால்தான் பேர் விழும், அன்றைய நாட்சம்பளம் கிடைக்கும். ஆகவே அடுத்த மாசியில் கூத்தைப் போயாவுக்கு (பௌர்ணமி லீவு நாள்) முந்தின இரவில் வைப்போம் என்று கோயில் கமிட்டியிடம் பேசியிருக்கிறேன். விடிந்தால் லீவு நாள், ஆடியவர்களும் பார்த்தவர்களும் தூங்கி எழும்பலாம்.

இளைஞர்களுக்கு இசைக்குழு மேல் ஆசை இருக்கிறது, அது தப்பில்லை. மத்தியானம் தொடங்கி இரவு பத்துவரை மைக் அவர்கள் கையில் இருக்கட்டும். கிட்டார் வாசிக்கிற பையன்கள் இரண்டு பேர் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கிலேயே இருக்கிறார்கள், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறார்கள். வெளியிலிருந்து ஆளை இறக்க வேண்டியதே இல்லை. பத்துக்குப் பிறகு மைக் இல்லாத நேரம் முழுக்கக் கூத்துக்கு. கூத்து, தொண்டையை நம்பி உண்டான கலை.

தப்புக்காரர்கள் விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டும். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்பியது தப்பு. திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. ஆனால் அடித்தவர்களை நாம் எங்கே நிற்க வைத்தோம்? பந்தியில் கடைசி, கூலியாக ஒரு போத்தல், கூப்பிடுவது ஒருமையில். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்று தப்பைத் தொடமாட்டேன் என்றால் அதற்குக் காரணம் ஊர்தான். போன வருஷம்கூட மேடைக்குப் பின்னால் அவர்களுக்கு உட்கார ஒரு கதிரை போடவில்லை. அந்த ஏற்பாட்டில் நானும் இருந்தேன்.

இந்த முறை நோட்டீஸில் அவர்கள் பெயர் முதலில் வரட்டும். எல்லோரோடும் ஒரே பந்தி. பணம் கமிட்டி வழியாக வேண்டாம், ஊர் பார்க்க அவரவர் கையில். தொகையைப் பற்றி என் யோசனை இது: நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024இல் 1,350 ஆனது. இப்போது தோட்டத்தில் என்ன நாட்சம்பளமோ, அதில் ஐந்து நாளுக்குக் குறையாமல் ஒரு இரவுக்குக் கொடுப்போம். ரதி, மன்மதன், சிவன், வீரபத்திரன், எமன், எல்லா வேஷக்காரர்களுக்கும் அதே கணக்கு. இசைக்குழுவுக்குப் போன வருஷம் கொடுத்ததில் இது அடங்கிவிடும், நான் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் வந்து, பொம்பளைப் பிள்ளைகள் ரதி கட்டலாமா என்று கேட்டது. பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. அதை இந்த வருஷமே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் பாட்டைச் சொல்லிக்கொடுக்க யாரும் மறுக்க முடியாது. அண்ணன் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார்.

இனி குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துச் சொந்தங்களுக்கு. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, மலையகத் தமிழரான நம்மில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கு போட்டார்கள். அப்படிப் போனவர்களின் தகரப் பெட்டிகளில் கூத்துப் பாட்டை எழுதிவைத்த கொப்பிகளும் போயின. ஊரில் இப்போது இருப்பது ஒரே ஒரு கொப்பி. எமன் வருகிற இடத்தில் ஏழெட்டுப் பக்கம் கரையான் அரித்துவிட்டது. அண்ணன் அந்த இடத்தை ஞாபகத்தில் இருக்கிற அளவுக்குப் பாடி நிரப்புகிறார். மாமா, உங்கள் அப்பாவின் கொப்பி இன்னும் இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். எழுத்துத் தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை, முதல் வரி தெரிந்தால் அண்ணன் பிடித்துக்கொள்வார். வேறு யார் வீட்டுப் பெட்டியில் ஒரு தாள் கிடந்தாலும் சரி. தை மாதத்துக்குள் வந்தால் ஒத்திகைக்கு உதவும்.

நேரில் வர நினைப்பவர்களுக்கு: அது சிவனொளிபாதமலை சீசன். போயாவை ஒட்டிய நாட்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா ரோட்டில் வேன் கிடைப்பது பெரும்பாடு, கிடைத்தாலும் நேரத்துக்கு வந்து சேராது. இரண்டு நாள் முந்தியே ஊருக்குள் வந்துவிடுங்கள். படுக்க இடம் நம் வீடுகளில் உண்டு. கம்பளி கொண்டுவாருங்கள், நடுச்சாமத்துக் குளிரைப் பலர் மறந்திருப்பீர்கள்.

கம்பம் ஊன்றுகிற அன்று நான் ஊரில் இருப்பேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இசைக்குழுவுக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொருவரும் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.