ராஸ்பெரி பையில் காலிபர்-வெப்: நூலகப் பாதையை ஏற்க மறுக்கிறது

ஏட்டுப்பெட்டி:
வணக்கம். ராஸ்பெரி பை 4 சிறுகணினி (4 ஜிபி), டாக்கரில் (செயலிகளைக் கண்டெய்னர் என்ற தனிப்பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) லினக்ஸ்சர்வர் குழுவின் இமேஜ் கொண்டு காலிபர்-வெப் (மின்நூல்களை பிரவுசரில் காட்டும் மென்பொருள்) ஓடுகிறது. 8083 போர்ட்டில் லாகின் பக்கம் வருகிறது. நூல்கள் எக்ஸ்ஃபேட் வடிவில் பார்மட் செய்த யூஎஸ்பி டிஸ்க்கில். நூலகப் பாதையைக் கொடுத்தால் பிழை காட்டுகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வரும் இணைப்பைப் பைக்குத் திருப்பும் அமைப்பு) போட்டும் வெளியிலிருந்து திறக்கவில்லை. எங்கே பார்ப்பது?

பிட்டும்பைட்டும்:
அந்த ஃபோல்டரில் மெட்டாடேட்டா.டிபி (காலிபரின் நூல் விவர டேட்டாபேஸ்) இருக்கிறதா? வெறும் இபப் கோப்புகளைக் கொட்டி வைத்தால் காலிபர்-வெப்புக்குப் போதாது. கணினியில் காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் நூல்களைச் சேர்த்து, அந்த நூலக ஃபோல்டரை அப்படியே டிஸ்க்கில் போடுங்கள். இருந்தும் பிழை வந்தால் பாதையைப் பாருங்கள்: கண்டெய்னருக்குள் தெரியும் பாதையைத்தான் (/புக்ஸ்) தர வேண்டும், பையில் டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கும் (இணைக்கப்பட்டிருக்கும்) பாதையை அல்ல.

அடுத்தது அனுமதி. எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் உரிமைகள் கிடையாது, உரிமையாளரை மாற்றும் கட்டளை எடுபடாது. ரூட் (நிர்வாகி) பெயரில் மவுன்ட் ஆகியிருந்தால், 1000 என்ற யூசர் ஐடியில் ஓடும் கண்டெய்னரால் எழுத முடியாது. நூல் படிக்கலாம், அப்லோடு, தலைப்புத் திருத்தம் எல்லாம் தோற்கும். எஃப்ஸ்டேபில் (டிஸ்க்குகளை எப்படி மவுன்ட் செய்வது என்று சொல்லும் கோப்பு) அந்த டிஸ்க்குக்கு யூஐடி (யூசர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டையும் 1000 என்று கொடுங்கள். ‘நோஃபெயில்’ சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் டிஸ்க் செருகாத அன்று பை பூட் ஆகாமல் நின்றுவிடும்.

வடகரை:
எக்ஸ்ஃபேட்டோடு மல்லுக்கட்டுவதைவிட லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4-க்கு மாறுவதே மேல். எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் பதிவேடு) இல்லை. கரன்ட் போய்ப் போய் வரும் வீட்டில் அது ஆபத்து. பார்மட் செய்தால் எல்லாம் அழியும், முதலில் நகல் எடுங்கள்.

போர்ட் விஷயம்: ரவுட்டர் அமைப்பில் வேன் (WAN, வெளி இணைய இணைப்பு) பக்கத்தில் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குகிறதா? அப்படியானால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறீர்கள், ஃபார்வர்டு எத்தனை முறை போட்டாலும் வேலைக்கு ஆகாது. பையிலும் போனிலும் டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் விபிஎன்) போட்டு, பைக்கு அது தரும் ஐபியோடு 8083 சேர்த்துத் திறங்கள். ரவுட்டரில் போட்ட ஃபார்வர்டை எடுத்துவிடுங்கள். ‘அட்மின்123’ என்ற தொடக்கக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள்.

போனில் படிக்க கேஓரீடர் செயலி நல்லது. அதன் ஓபிடிஎஸ் (சர்வரிலுள்ள மின்நூல்களைப் பட்டியலிடும் முறை) பட்டியலில் அதே முகவரியின் கடைசியில் /ஓபிடிஎஸ் சேர்த்தால் நூல்கள் வரிசையாக வந்துவிடும்.

ஏட்டுப்பெட்டி:
நன்றி. டிஸ்க்கை சாம்பாவில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) பகிர்ந்து, லேப்டாப் காலிபரிலேயே அதே நூலகத்தைத் திறந்து நூல் சேர்க்கலாமா?

பிட்டும்பைட்டும்:
வேண்டாம். மெட்டாடேட்டா.டிபி ஒரு எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸ்) கோப்பு. நெட்வொர்க் டிஸ்க்கில் லாக் (ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுப்பது) ஒழுங்காக நடக்காது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் ‘டேட்டாபேஸ் லாக்டு’ வரும், கெட்ட நேரமென்றால் கோப்பே கெடும். அட்மின் அமைப்பில் அப்லோடை இயக்கி, உங்கள் யூசர் கணக்கிலும் அந்த அனுமதியை டிக் செய்து, பிரவுசர் வழியாகவே ஏற்றுங்கள்.

தமிழ்த் தலைப்புள்ள நூல்களின் ஃபோல்டர் பெயர் ரோமன் எழுத்தில் விநோதமாக இருக்கும். அழகுபடுத்துகிறேன் என்று கையால் மாற்றாதீர்கள். டேட்டாபேஸில் பழைய பாதைதான் இருக்கும், நூல் திறக்காது.

வடகரை:
பேக்கப் எடுக்கும்போது கண்டெய்னரை நிறுத்திவிட்டு நூலக ஃபோல்டர், கான்ஃபிக் ஃபோல்டர் இரண்டையும் எடுங்கள். யூசர்கள், ஷெல்ஃப், படித்து முடித்த குறி எல்லாம் கான்ஃபிக்கில் உள்ள ஆப்.டிபியில்தான் இருக்கின்றன.