புதுப்பிப்பு: வலையில் ஒட்டிய காங்கேயம் காளை சுவரேறிவிட்டது

வாசல் சுவருக்கு 3 அடியில் காங்கேயம் காளை மொசைக் செய்கிறேன், சுவரில் பதிப்பதற்காகச் சில்லுகளை முதலில் ஒட்டி வைக்கும் ஃபைபர் வலையிலிருந்து அவை உதிருதுங்க என்று போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

கைகொடுத்தது கோபி அக்கா சொன்ன வழிதான். நான் ஃபைபர் வலை முழுக்கப் பசை பூசியிருந்தேன். வலைக் கண்ணெல்லாம் அடைத்துக்கொண்டு, சுவரில் பூசிய டைல்ஸ் பசை உள்ளே ஏறவே இல்லை. சாதாரண வெள்ளைப் பசை வேறு, ஈரம் பட்டதும் இளகிவிட்டது. இந்த முறை தண்ணீர் தாங்கும் பசை, சில்லுக்கு ஒரே சொட்டு. அடியில் பாலிதீன் விரித்து ஒட்டினேன். மறுநாள் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் திருப்பி, பாலிதீனை உரித்துப் பின்பக்கமும் காயவிட்டேன். சொட்டு விழுந்த இடம் மட்டும் பளபளத்தது, மற்ற கண்ணெல்லாம் திறந்தே இருந்தது. அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வலையை 4 துண்டாக வெட்டியது திமில், கழுத்து வளைவை ஒட்டியே. அதனால் இணைப்பு தெரியவில்லை.

எதிர்பாராத ஒன்று: சில்லுகளின் இடுக்கை நிரப்பும் பூச்சான கிரவுட்டைக் கருப்பில் போட்டதும் திமிலின் கருஞ்சாம்பல் சில்லுகளோடு கலந்து, திமிலே மறைந்துபோனது. இறுகுவதற்குள் அங்கே மட்டும் சுரண்டி, வெளிர்சாம்பல் போட்டேன்.

அடுத்து பக்கத்தில் ஒரு கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம், சாம்பலாக ஆறு மாசம் போல ஆகும். பழைய ஓட்டுச்சில்லு ஒரு கூடை எடுத்து வைத்திருக்கிறேன்.